ஒருவருக்குப் பல வரிகள்: நோ-கோட் தரவுத்தளங்களில் ‘ஒன்று-பல’ உறவு

ஊர்ப்புறத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் இரண்டு விதமான ஏடுகள் இருக்கும். ஒன்று, பால் ஊற்றுபவர்களின் பெயர், ஊர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஆளுக்கு ஒரு வரியாக எழுதி வைத்திருக்கும் உறுப்பினர் பதிவேடு. மற்றொன்று, காலையிலும் மாலையிலும் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று வேளைக்கு வேளை எழுதும் நாளேடு. நாளேட்டில் முழுப் பெயரையும் முகவரியையும் யாரும் எழுதுவதில்லை. வரிசையில் நிற்பவர் பால் கேனை நீட்டியபடியே ‘இருபத்தேழு’ என்று தம் எண்ணைச் சொல்கிறார்; எழுதுபவர் 27 என்று குறித்துக்கொள்கிறார். பட்டுவாடா நாள் வரும்போது, நாளேட்டில் 27 என்று குறிக்கப்பட்ட வரிகளையெல்லாம் திரட்டிக் கூட்டி, பதிவேட்டில் அந்த எண்ணுக்கு உரியவருக்குப் பணம் தருகிறார்கள். தரவுத்தளப் பாடங்களில் ‘ஒன்று-பல உறவு’ என்று சொல்லப்படுவது இதுவேதான்: பதிவேட்டில் ஒரு வரி, அதற்கு உரியதாக நாளேட்டில் பல வரிகள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஓர் எண்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் தரவுத்தளம் அமைத்துக்கொள்ள வழிசெய்யும் நோ-கோட் கருவிகள் இன்று பல இருக்கின்றன. ஏர்டேபிள், நோஷன், கூகுளின் ஆப்ஷீட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் கிரியேட்டர் ஆகியவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் சில, திறந்தவுடன் எக்செல் தாளைப் போலவே கட்டங்களாகக் காட்சியளிக்கின்றன. அந்தப் பழகிய தோற்றம் முதல் நாளில் தைரியம் தருகிறது. ஆனால் எக்செல்லில் பழகிய கையோடு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதத் தொடங்கினால், ஒரு மாதத்துக்குள் கணக்கு சிக்கலாகிவிடுகிறது. ஆகவே கருவியைத் தொடுவதற்கு முன் இந்த உறவைப் புரிந்துகொள்வது அவசியம் என்று உறுதியாக எண்ணுகிறேன். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த உறவு எல்லாக் கருவிகளிலும் ஒன்றுதான்.

ஒரே தாளில் எழுத முற்படும்போது பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் போய் நிற்போம். முதல் வழி, உறுப்பினரின் வரியிலேயே ‘பால் 1’, ‘பால் 2’, ‘பால் 3’ என்று நெடுவரிசைகளைப் பக்கவாட்டில் சேர்த்துக்கொண்டே போவது. நாளுக்கு இரண்டு வேளை என்றால் ஆண்டுக்கு 730 நெடுவரிசைகள் வேண்டியிருக்கும். அதற்குள் எந்த நெடுவரிசை எந்த நாளின் எந்த வேளை என்பதே மறந்துபோகும். இரண்டாவது வழி, ஒரே கட்டத்தில் ‘6.4, 5.8, 6.1’ என்று காற்புள்ளி இட்டு எழுதுவது. கண்ணால் படிக்க எளிது என்றாலும், கணினிக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து. அதைக் கூட்டவும் முடியாது, நாள்வாரியாகப் பிரிக்கவும் முடியாது. மூன்றாவது வழி, ஒவ்வொரு முறை பால் ஊற்றும்போதும் புதிய வரி போட்டு, அதில் உறுப்பினரின் பெயர், ஊர், கைப்பேசி எண் எல்லாவற்றையும் மறுபடியும் எழுதுவது. மூன்றிலும் இதுதான் சரிக்கு மிக நெருக்கமானது. அதனாலேயே இதன் குறை உடனே கண்ணில் படுவதில்லை. ஒருவர் கைப்பேசி எண்ணை மாற்றினால் முந்நூறு வரிகளில் திருத்த வேண்டும். ஒரு நாள் ‘முருகேசன்’ என்றும், மறுநாள் ‘மு. முருகேசன்’ என்றும், அவசரத்தில் ‘முருகேஷன்’ என்றும் எழுதப்பட்டால், கணினி மூவர் என்றே எடுத்துக்கொள்ளும். அவருக்கு உரிய பணம் மூன்றாகப் பிரிந்து நிற்கும்.

தீர்வு, பழைய ஏடுகள் காட்டிய தீர்வுதான். உறுப்பினர்களுக்கு ஓர் அட்டவணை, பால் வரவுக்கு ஓர் அட்டவணை என்று இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பால் வரவு அட்டவணையின் ஒரு வரி இப்படி இருக்கும்:

அக்டோபர் 3 | காலை | உறுப்பினர் 27 | 6.4 லிட்டர் | கொழுப்பு 4.2 | மற்ற சத்து 8.3

இந்த வரியில் பெயர் இல்லை, ஊர் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. ‘27’ என்ற ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற எல்லாம் உறுப்பினர் அட்டவணையில் கிடைக்கும்.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய செய்தி இதில்தான் இருக்கிறது: இணைக்கும் குறிப்பு ‘பல’ பக்கத்தில் இருக்கிறது, ‘ஒன்று’ பக்கத்தில் அல்ல. உறுப்பினர் முருகேசனின் வரியில் அவருடைய பால் வரவுகளின் பட்டியல் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு பால் வரவும் தான் யாருக்கு உரியது என்பதைத் தன்னிடமே வைத்திருக்கிறது. ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் எளிதாக விளங்கும். ஒரு பால் வரவுக்கு உரியவர் ஒருவர்தான். ஆகவே அதன் வரியில் ஒரே ஒரு கட்டம் போதும், அந்தக் கட்டம் எந்நாளும் பெருகாது. முருகேசனுக்கோ இன்று இரண்டு வரவுகள், நாளை நான்கு, ஆண்டு முடிவில் எழுநூற்றுக்கும் மேல். அவருடைய வரியில் எழுதப் போனால் எத்தனை கட்டங்கள் ஒதுக்குவது என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. பள்ளியில் ஒவ்வொரு மாணவரின் அடையாள அட்டையிலும் வகுப்பின் பெயர் இருப்பதையும், வகுப்பறைச் சுவரில் மாணவர் பெயர்கள் பொறிக்கப்படாததையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த எளிய ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சிந்தனை இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் போன்ற தரவுத்தளங்களில் தரவு ஒரு மரத்தின் கிளைகளைப் போல அடுக்கப்பட்டிருந்தது. ஒரு கிளையில் உள்ளதை எடுக்க வேண்டுமானால் அடிமரத்திலிருந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை நிரல் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அதே ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், தரவு முழுவதையும் எளிய அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளுக்கு இடையேயான தொடர்பையும் அவற்றில் எழுதப்பட்ட மதிப்புகளாலேயே காட்டலாம் என்று நிறுவினார். நாளேட்டில் உள்ள 27உம் பதிவேட்டில் உள்ள 27உம் ஒன்றாக இருப்பதே போதுமான தொடர்பு. தனியாக வழிகாட்டும் கம்பி எதுவும் வேண்டியதில்லை. 1981இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

உறவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எப்படி அறிவது? இரண்டு கேள்விகளை, இரண்டு திசையிலிருந்தும் கேட்க வேண்டும். ஓர் உறுப்பினருக்குப் பல பால் வரவுகள் இருக்க முடியுமா? முடியும். ஒரு பால் வரவு பல உறுப்பினர்களுக்கு உரியதாக இருக்க முடியுமா? முடியாது. ஒரு திசையில் ‘முடியும்’, மறு திசையில் ‘முடியாது’ என்று வந்தால் அது ஒன்று-பல உறவு. இந்தக் கேள்விகளுக்குக் கணினியிடம் விடை இல்லை. தொழிலை அறிந்தவரிடம்தான் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவர் தங்கள் மாடுகளின் பாலை ஒரே கேனில் கொண்டுவந்து ஊற்றிப் பணத்தை மட்டும் பிரித்துத் தரச் சொல்லும் ஊராக இருந்தால், இரண்டாவது கேள்விக்கான விடையே மாறிவிடும். ஆகவே கேள்வியைக் கேட்க வேண்டியது மடிக்கணினி முன் உட்கார்ந்திருப்பவரிடம் அல்ல, காலை ஆறு மணிக்குப் பால் அளப்பவரிடம்.

இரண்டு திசையிலும் ‘முடியும்’ என்று விடை வந்தால் அது பல-பல உறவு. ஒரு மாட்டுக்குக் கோமாரி, தொண்டை அடைப்பான் என்று பல தடுப்பூசிகள் போடப்படுகின்றன. ஒரு தடுப்பூசி பல மாடுகளுக்குப் போடப்படுகிறது. இதற்கு ‘ஊசி போட்ட விவரம்’ என்று இடையில் மூன்றாவது அட்டவணை ஒன்றை வைத்து, ஒவ்வொரு வரியிலும் எந்த மாடு, எந்த ஊசி, எந்தத் தேதி என்று எழுதினால், அந்தப் பல-பல உறவு இரண்டு ஒன்று-பல உறவுகளாகப் பிரிந்துவிடும். இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்; இங்கே இவ்வளவு போதும்.

கருவிகளில் இதைச் செய்வது

நோ-கோட் கருவிகள் ஒவ்வொன்றும் இந்த இணைப்புக்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றன. (இனி ‘பதிவு’ என்றால் அட்டவணையின் ஒரு வரி, ‘புலம்’ என்றால் ஒரு நெடுவரிசை.) ஏர்டேபிளில் அது ‘வேறொரு பதிவுடன் இணை’ என்னும் பொருள்படும் புலவகை, நோஷனில் ரிலேஷன், ஆப்ஷீட்டில் ரெஃப், ஜோஹோ கிரியேட்டரில் லுக்அப். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஏர்டேபிளிலும் லுக்அப் என்று ஒன்று உண்டு. ஆனால் அங்கே அது இணைப்பை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உள்ள இணைப்பின் வழியே மறுபக்கத்து விவரத்தை எடுத்துக் காட்டுகிறது. ஒரு கருவிக்கான விளக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு இன்னொரு கருவியில் அதே சொல்லைத் தேடினால் குழப்பமே மிஞ்சும்.

ஏர்டேபிளில் பால் வரவு அட்டவணையில் உறுப்பினரை இணைக்கும் புலத்தை உருவாக்கினால், உறுப்பினர் அட்டவணையிலும் அதற்கு எதிர்ப்புலம் ஒன்று தோன்றி, ஒவ்வோர் உறுப்பினரின் வரியிலும் அவருடைய வரவுகளைப் பட்டியலாகக் காட்டும். இதைப் பார்ப்பவர்களுக்கு, குறிப்பு இரண்டு பக்கத்திலும் எழுதப்பட வேண்டும் போலும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நாம் எழுத வேண்டியது பால் வரவின் பக்கத்தில் மட்டும்தான். உறுப்பினர் பக்கத்தில் தெரியும் பட்டியல் அதே இணைப்பை மறுதிசையிலிருந்து பார்ப்பதன் விளைவு. ஆப்ஷீட் இதை இன்னும் தெளிவாகவே செய்கிறது: ரெஃப் வகை நெடுவரிசை ‘பல’ பக்கத்தில் இருக்க, ‘ஒன்று’ பக்கத்தில் தொடர்புடைய வரிகளைத் திரட்டிக் காட்டும் மெய்நிகர் நெடுவரிசையை அதுவே சேர்த்துக்கொள்கிறது, மெய்நிகர் என்பதால் மூலத்தாளில் அது எழுதப்படுவதே இல்லை.

மற்றொரு பொறி, இக்கருவிகள் சிலவற்றின் தாராளம். ஏர்டேபிளின் இணைப்புப் புலம் ஒரே கட்டத்தில் பல பதிவுகளைச் சேர்க்க இயல்பாகவே அனுமதிக்கிறது. நாம் அமைப்பில் சென்று அதைத் தடுக்காவிட்டால், கை தவறி ஒரு பால் வரவுக்கு 27, 28 என்று இரண்டு உறுப்பினர்களைச் சேர்த்துவிட முடியும். ஒன்று-பல உறவு நம்மை அறியாமல் பல-பல உறவாகிவிடும். நோஷனில் ரிலேஷன் உருவாக்கும்போது ஒரே ஒரு பதிவு மட்டுமா, வரம்பில்லையா என்று தேர்ந்துகொள்ளலாம். ஜோஹோ கிரியேட்டரில் லுக்அப் புலத்தை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வகையாகவும் வைக்கலாம், பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகையாகவும் வைக்கலாம். எந்தக் கருவியாக இருந்தாலும் பால் வரவின் பக்கத்தில் ‘ஒன்று மட்டும்’ என்ற கட்டுப்பாட்டை முதல் நாளே இட்டுவிடுங்கள்.

எந்த மதிப்பைக் கொண்டு இணைப்பது என்பதும் முக்கியமானது. பெயரைக் கொண்டு இணைப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரே ஊரில் இரண்டு முருகேசன்கள் இருப்பது சாதாரணம். தவிரவும், பெயரில் எழுத்துப்பிழை இருந்து பின்னர் திருத்த நேரலாம். ஆப்ஷீட்டில் பெயரையே திறவுகோலாக, அதாவது வரியை அடையாளம் காட்டும் மதிப்பாக வைத்துவிட்டுப் பிறகு பெயரைத் திருத்தினால், பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரிகள் உரியவரை இழந்து நிற்கும். ஏர்டேபிளில் ஏற்கெனவே பெயர்களாக எழுதப்பட்ட நெடுவரிசையை இணைப்புப் புலமாக மாற்றினால், பட்டியலில் இல்லாத ஒவ்வோர் எழுத்து வடிவத்துக்கும் புதிய உறுப்பினர் ஒருவரை அது உருவாக்கிவிடும். அந்த ‘முருகேஷன்’ அப்போது ஓர் ஆளாகவே பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்வார். எண்ணே நல்லது.

ஆனால் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. காகித ஏட்டில், 27ஆம் எண்ணுக்கு உரியவர் மாடுகளை விற்றுவிட்டு நின்றுவிட்டால், அந்த எண்ணைப் புதிதாகச் சேர்பவருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கலாம். பழைய ஏடு மூடி அலமாரிக்குப் போய்விடுவதால் அங்கே தொல்லை இல்லை. தரவுத்தளத்தில் எந்த ஏடும் மூடப்படுவதில்லை. 27 என்ற எண் கைமாறினால், பழையவர் ஊற்றிய பாலெல்லாம் புதியவரின் கணக்கில் போய்ச் சேரும். ஆகவே ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது.

கூட்டலும் விலையும்

இணைப்பைச் சரியாக அமைத்துவிட்டால் அதன் பயன் உடனே தெரியும். ஏர்டேபிளிலும் நோஷனிலும் ரோல்அப் என்னும் வசதி, ஓர் உறுப்பினரோடு இணைந்த எல்லா வரவுகளின் லிட்டரையும் கூட்டியோ, கொழுப்பின் சராசரியைக் கண்டோ, அவருடைய வரியிலேயே காட்டும். உறுப்பினர் தீவனம் கடனாக வாங்கியிருந்தால், அதற்கும் ஓர் அட்டவணை வைத்து உறுப்பினரோடு இணைத்துக்கொள்ளலாம். பால் பணம் ஒரு ரோல்அப்பில், தீவனப் பிடித்தம் இன்னொரு ரோல்அப்பில் வர, இரண்டின் வித்தியாசம் கைக்கு வரும் தொகை. ஓர் ‘ஒன்று’ எத்தனை ‘பல’களோடு வேண்டுமானாலும் இணையலாம் என்பதற்கு இது சான்று.

விலையைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். நான் அமைத்துக் கொடுத்த முதல் பால் கணக்கில் இந்த இடத்தில்தான் தவறினேன். விலைக்கென்று தனி அட்டவணை வைத்து, பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய் என்று ஒரே வரி எழுதி, எல்லா வரவுகளையும் அந்த வரியோடு இணைத்திருந்தேன். (உண்மையில் விலை கொழுப்புக்கும் சத்துக்கும் ஏற்ப மாறும், இங்கே விளக்கத்துக்காக ஒரே விலை என்று வைத்துக்கொள்வோம்.) 6.4 லிட்டருக்கு 224 ரூபாய் என்று கணக்கு சரியாக வந்தது. விலை 38 ஆக உயர்ந்த நாளில், 35ஐ அழித்து 38 என்று எழுதினேன். அந்த நொடியில், ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த பழைய வரிகளும் மாறிவிட்டன. அக்டோபர் 3ஆம் தேதியின் 224 ரூபாய் 243 ரூபாய் 20 காசாகிவிட்டது. கொடுத்த பணத்துக்கும் ஏட்டுக் கணக்குக்கும் பொருத்தமில்லாமல் போய், பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் சரிபார்க்க வேண்டியிருந்தது.

இணைப்பின் வழியே மறுபக்கத்து விவரத்தைக் காட்டும் ஏர்டேபிள் வகை லுக்அப் என்பது நகல் அல்ல, சன்னல். மறுபக்கத்தில் இப்போது என்ன இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். கைப்பேசி எண்ணுக்கு அதுவே வேண்டியது, ஏனெனில் நமக்குத் தேவைப்படுவது இன்றைய எண். விலைக்கு அது கூடாது, ஏனெனில் நமக்குத் தேவைப்படுவது அன்றைய விலை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பால் வரவின் வரியிலேயே ‘அன்றைய விலை’ என்று ஒரு புலம் வைத்து எண்ணாகவே எழுதிவிடலாம். அல்லது, விலை மாறும்போது பழைய வரியைத் திருத்தாமல், ‘இந்தத் தேதியிலிருந்து’ என்று குறித்துப் புதிய விலைக்குப் புதிய வரி சேர்த்து, அதன் பிறகு வரும் வரவுகளைப் புதிய வரியோடு இணைக்கலாம். இரண்டாவது வழியைத்தான் நான் இப்போது பின்பற்றுகிறேன். எந்த விலை எத்தனை நாள் நடைமுறையில் இருந்தது என்ற வரலாறும் அதில் தங்கிவிடுகிறது.

உறுப்பினரின் வரியை அழித்தால் அவருடைய வரவுகள் என்னவாகும் என்பதையும் அமைக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். 1992இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அக்செஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில், இணைப்பின் ஒழுங்கைக் கட்டாயமாக்கிவிட்டால், வரவுகள் உள்ள உறுப்பினரை அழிக்கவே விடாது; அதன் உறவுப் படத்தில் கோட்டின் ஒரு முனையில் 1 என்றும் மறுமுனையில் முடிவிலிக் குறியும் தெரியும். ஏர்டேபிளில் உறுப்பினரை அழித்தால் வரவுகள் அப்படியே இருக்க, உறுப்பினர் கட்டம் மட்டும் வெறுமையாகிவிடும். ஆப்ஷீட்டில் ‘இது அதன் பகுதியா’ என்று கேட்கும் தேர்வை இயக்கியிருந்தால், உறுப்பினரோடு சேர்ந்து அவருடைய வரவுகளும் அழிந்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட கணக்கில் இரண்டுமே ஆபத்து. உறுப்பினரை அழிக்காமல், ‘ஊற்றுகிறார்’, ‘நிறுத்திவிட்டார்’ என்று நிலையைக் குறிக்கும் புலம் ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘பல’ பக்கத்தை எண்ணிப் பாருங்கள். 80 பேர் பால் ஊற்றும் நிலையத்தில் உறுப்பினர் அட்டவணை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 80 வரிகளாகவே இருக்கும். பால் வரவோ நாளுக்கு 160, ஆண்டுக்கு 58,400. பல கருவிகளின் இலவசத் திட்டத்துக்கும் சில கட்டணத் திட்டங்களுக்கும் இவ்வளவு பதிவுகள் கொள்ளாது.

எல்லாவற்றையும் முதலில் காகிதத்தில் வரைந்து பார்த்துவிடுவது நல்ல பழக்கம். அட்டவணைக்கு ஒரு பெட்டி வரைந்து, இரண்டையும் கோட்டால் இணைத்து, ‘பல’ பக்கத்து முனையை மூன்று விரலாகப் பிரித்து வரைவார்கள். பார்ப்பதற்குக் காக்கையின் கால் போல இருப்பதால் அந்தப் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. படம் சரியாக வந்ததும் கருவியில் மூன்று உறுப்பினர்களையும் பத்துப் பால் வரவுகளையும் மட்டும் பதியுங்கள். ஓர் உறுப்பினரின் கைப்பேசி எண்ணை ஓரிடத்தில் மாற்றி, அவருடைய எல்லா வரவுகளிலும் புதிய எண் தெரிகிறதா என்று பாருங்கள். 27ஆம் எண்ணின் வரவுகளைக் கையால் கூட்டி, ரோல்அப் காட்டும் தொகையோடு ஒப்பிடுங்கள். ஒரு வரவுக்கு இரண்டு உறுப்பினர்களைச் சேர்க்க முயன்று, கருவி தடுக்கிறதா என்று சோதியுங்கள். கடைசியாக, பால் வரவு அட்டவணையில் உறுப்பினர் கட்டம் வெறுமையாக உள்ள வரிகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் பார்வை ஒன்றை அமைத்து, பட்டுவாடாவுக்கு முந்தைய மாலையில் தவறாமல் திறந்து பாருங்கள். அதில் ஒரு வரி இருந்தாலும், யாரோ ஒருவர் ஊற்றிய பாலுக்கு இன்னும் பணம் சேரவில்லை என்று பொருள்.